சிவப்பு அட்டை கட்டிய தூண்டில்

"மூக்கு எங்க சைடுய்யா. நெத்தி வேணா அவங்க சைடுன்னு வெச்சுக்கலாம். மூக்கு மட்டும் எங்களுது."

கோதண்டராமன்தான் சொன்னார். கடையில் இருந்த யாரும் அவருடைய பேத்தியின் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை. கடைக்காரர் மைக்கேல்ராஜ் கேட்டது வேறு. ஏழடி ராடு போதுமா, எட்டடி வேணுமா என்று கேட்டுவிட்டு, கைக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு காவடி எடுத்தவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, மூக்கு கெடக்கட்டும். ராடு?"

"ரெண்டும் வாணாம். வளையுது."

"வளையாம? தூண்டில்னா வளையத்தான் செய்யும். வளையாததா வேணும்னா பக்கத்துல ஹார்டுவேர்ஸ் கடை கீது. கடப்பாரை குடுப்பாரு, வாங்கிக்கினு போங்க."

தூண்டில் முள் வாங்க வந்து காத்திருந்த இரண்டு ஒடிசாக்காரர்கள் பேச்சு புரியாமலேயே சிரித்தார்கள். ஒரகடம் கூட்டு ரோட்டில் அது சின்னக் கடை. பக்கத்துக் கம்பெனிகளில் காண்டிராக்டில் வேலை செய்கிற வடநாட்டு ஆட்கள் லீவு நாளில் ஏரிக்குப் போவார்கள். அவர்களுக்கு முள்ளும் தக்கையும் தங்கூசி நரம்பும் விற்றுத்தான் மைக்கேல்ராஜின் பிழைப்பு ஓடுகிறது. அவருடைய மாமனார் வீடு காசிமேடு. கடலுக்கான பெரிய சாமான் யாராவது கேட்டால் அங்கிருந்து வாங்கி வந்து தருவார். இதுவரை அப்படிக் கேட்டது ஒரே ஆள். அந்த ஆளும் எடுத்துப் போனதை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

கோதண்டராமனுக்குக் கடல் தூண்டில் எதற்கு என்றால், மகள் ரஞ்சனியை அவர் அந்தமானில் கட்டிக் கொடுத்திருக்கிறார். சம்பந்தி திருமலைக்குப் போர்ட் பிளேரில் சொந்தப் படகு. மருமகன் பிரசன்னா அதே படகில் என்ஜின் பார்க்கிறான். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பவளப்பாறை இருக்கிற கடலுக்குப் போவார்கள். அவர்கள் ஆள் உயரப் பாரை மீனும் கலவா மீனும் பிடித்து, கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி கடலிலேயே விட்டுவிடுவார்கள். காசு கொடுத்துப் பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல் விடுகிறவனும் உலகத்தில் இருக்கிறானா என்று கோதண்டராமன் சம்பந்தியை இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

தலைப்பிரசவத்துக்கு ரஞ்சனி வடக்குப்பட்டில் அப்பா வீட்டுக்கு வந்தாள். பெண் பிறந்தது. மதிவதனி என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் குழந்தையைக் கொண்டுபோய்ப் புகுந்த வீட்டில் விடுவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்குச் சளி பிடித்தது. நான்காம் மாதம் இரட்டைப்படை. இரட்டைப்படை மாதத்தில் பிள்ளையை அனுப்புகிற வழக்கம் கிடையாது. இப்போது ஐந்து நடக்கிறது. இதையும் தாண்டிவிட்டால் ஏழுதான். ஏழாம் மாதம் பிறக்கும்போது அந்தமானில் மழை இறங்கிவிடும், கடல் கொந்தளிக்கும், திருமலை படகைக் கரையேற்றிவிடுவார். அப்புறம் இன்னொரு ஒற்றைப்படை பார்க்க வேண்டும்.

திருமலை போன மாதமே போனில் சொல்லியிருந்தார்: "சம்பந்தி, பேத்தியை விட வரும்போது வந்த கால்லயே திரும்பிடாதீங்க. ஒரு வாரம் தங்குங்க, பாறைக் கடலுக்கு அழைச்சிட்டுப் போறேன். தூண்டில் மட்டும் அங்கேயே வாங்கிட்டு வந்துடுங்க. இங்க இருக்கிறதெல்லாம் கெஸ்ட்டுங்களுக்கே பத்தல. சாமான் ரெடின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னிக்கே எல்லாருக்கும் டிக்கெட் போட்டுடறேன்."

சாமான் ரெடி என்றால் டிக்கெட் வரும். டிக்கெட் வந்தால் குழந்தை போய்விடும். இதைக் கோதண்டராமன் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தூண்டில் சரியில்லை, ரீல் சரியில்லை, நரம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு அனுபவமும் இருந்தது.

வல்லம் வடகாலில் கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். வெளியிலிருந்து வருகிற சாமானை அளந்து பார்த்து அட்டை கட்டுவதுதான் வேலை. நல்லதென்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், உதவாது என்றால் சிவப்பு. அவர் கையெழுத்துப் போடாத அட்டைக்கு மதிப்பில்லை. சாமான் சப்ளை செய்கிறவர்கள் கேட்டுக்குள் நுழையும்போதே செக்யூரிட்டியிடம், "இன்னிக்கு ஷிப்ட்ல யாரு, செவப்பு ராமனா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். ரிட்டயர் ஆகும்போது மாலையோடு ஒரு கட்டு அட்டையையும் அளவெடுக்கிற வெர்னியரையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மனைவி கனகம் வாங்கி வருகிற கத்தரிக்காய்க்கே சிவப்பு அட்டை விழும். மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று பிரசன்னாவுக்கும் மஞ்சள் அட்டை கட்டிவிட்டார் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஆக, தூண்டிலுக்கும் அதே கதிதான்.

முதலில் வந்த ராடு வளைந்தது. சிவப்பு. அடுத்ததில் நரம்பு போகிற வளையம் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. சிவப்பு. முள்ளையெல்லாம் தாம்பாளத்தில் கொட்டி வெர்னியர் வைத்து அளந்தார். ஒன்று போல ஒன்று இல்லை. மொத்தமாகச் சிவப்பு. மரத்தில் மீன் மாதிரி செய்து வர்ணம் அடித்த பாப்பர் ஒன்று வந்தது. தண்ணீரில் இழுத்தால் பளக் பளக் என்று சத்தம் போட்டு மீனைக் கூப்பிடும். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மாறுகண்ணு."

"அதுக்குப் பொண்ணா பாக்கப் போற?" என்றாள் கனகம். "கவ்வ வர்ற மீனு, ஐயோ கண்ணு மாறி கீதேன்னு திரும்பிப் பூடுமா?"

"உனக்கு இன்னா தெரியும்? ஒரு பக்கம் வெயிட்டு ஜாஸ்தி ஆனா நேரா வராது. கோணிக்கினு வரும்."

"நீ பேசறதுதான் கோணிக்கினு வருது."

ஹாலில் குழந்தையின் தூளிச் சேலைக்குப் பக்கத்துச் சுவரில் நிராகரித்த ராடுகள் சிவப்பு அட்டையோடு சாய்ந்து நின்றன. தூளிக்குள்ளிருந்து மதிவதனி அந்த அட்டைகள் காற்றில் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தாள். அதற்காகவே இன்னும் ஒன்றைச் சாய்த்து வைக்கலாம் போல இருந்தது அவருக்கு.

ரஞ்சனிக்குத்தான் பொறுமை போய்விட்டது. "பா, மாசம் முடியப்போவுது. அவங்க டெய்லி கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

"இன்ஸ்பெக்‌ஷன் நடந்துகினு கீதுன்னு சொல்லு."

"ஏரியில ஜிலேபி மீனு புடிக்கிறதுக்கு மூங்கில் கழியும் மண்புழுவும் எடுத்துக்கினு போவியே, அப்ப எதைப்பா அளந்த?"

"ஏரி வேற, கடல் வேற."

"கடலை எப்பப்பா பாத்த? மெரினாவுல முட்டி வரைக்கும்தானே போன!"

வெர்னியரை எடுத்து ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். ஒரு மனுஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்ய விடமாட்டேன் என்று வீடே சேர்ந்து நின்றால் என்னதான் செய்வது? கடைக்காரன் அவசரப்படுத்துகிறான், பெண்டாட்டி கிண்டல் பண்ணுகிறாள், பெற்ற பெண் கடல் தெரியுமா என்கிறாள், சம்பந்தி தினம் காலையில் குட்மார்னிங் படத்தோடு "ரெடியா?" என்று அனுப்புகிறார். தூளியில் கிடக்கிற ஒருத்திதான் எதுவும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைக்கேல்ராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். பைக்கில் நீட்டுவாக்கில் ராடு வைத்த ஒரு குழாய், மடியில் ஒரு பெட்டி.

"வாய்யா மைக்கேலு. பேத்திய பாக்க வந்தியா? மூக்கப் பாரு."

"மூக்கப் பாத்தாச்சுண்ணே, போட்டோவுலயே பாத்தாச்சு. இன்னிக்கு நான் உங்க அட்டைய பாக்க வந்தன்." பெட்டியைத் திறந்தார். தேங்காய் அளவுக்கு ஒரு ரீல் இருந்தது. "இதான் கடைசி. எட்டடி ராடு, பெரிய ரீலு, நூல் மாதிரி பின்னின பிரெய்டு நரம்பு, முன்னாடி கட்டறதுக்குத் தடி தங்கூசி. இதுக்கும் செவப்பு போட்டீங்கன்னா நான் கடைய இழுத்து மூடிட்டு உங்க பழைய கம்பெனில வேலைக்குச் சேந்துடுவன்."

கோதண்டராமன் ராடைத் தொட்டுப் பார்த்தார். வளையம் நேராக இருந்தது. ரீலைச் சுற்றிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. வெர்னியரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உள்ளுக்குள் எரிச்சல் ஏறியது. இந்தப் பாவி இந்தத் தடவை நல்ல சாமானாகவே கொண்டுவந்துவிட்டான்.

"டெஸ்ட் ரிப்போர்ட் கீதா?"

"இன்னா ரிப்போர்ட்டு?"

"ரீலோட பிரேக்குக்கு. பாறைல இருக்கிற மீனு கவ்வினா உடனே பாறை சந்துக்குள்ள ஓடும், நரம்பு பாறைல ஒரசினா பிளேடு வெச்ச மாதிரி அறுந்துடும்னு நீதானே சொன்ன? அப்ப ஓட விடாம புடிக்கணும், அதே நேரம் நரம்பும் அறுந்துடக் கூடாது. புடிக்கும்னு நான் எப்படி நம்பறது?"

மைக்கேல்ராஜ் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். கர்த்தரிடம் ஏதோ கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு எழுந்து தங்கூசி முனையைத் தன் பெல்ட்டில் கட்டிக்கொண்டார்.

"வாங்க வெளியில. நான்தான் மீனு."

வீட்டுக்குப் பின்னால் மனை போட்டுக் கல் நட்ட காலி இடம். அதன் அந்தக் கோடியில் ஒரு கரண்டு கம்பம். கம்பத்தை ஒட்டிக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட பள்ளம், தலைக்கு மேல் ஆழம், மூடாமல் கிடந்தது.

"அந்தக் கம்பம்தான் பாறை. நான் ஓடிப்போய் அத்த தொட்டுட்டன்னா மீனு போச்சு, நீங்க செவப்பு கட்டிக்கோங்க. தொட விடாம நிறுத்திட்டீங்கன்னா பச்சை. சரியா?"

"சரி" என்றார் கோதண்டராமன்.

ரஞ்சனி அப்போது பிரசன்னாவோடு வீடியோ காலில் இருந்தாள். "இருங்க, இங்க ஒரு கூத்து நடக்குது, காட்டறன்" என்று போனைத் திருப்பிப் பிடித்தாள். கனகம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

கோதண்டராமன் ராடைக் கையில் வாங்கினார். ரீலின் தலையில் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கிறது. யாரும் பார்க்காதபோது அதை மெதுவாகக் கழற்றும் பக்கம் இரண்டு சுற்று திருகிவிட்டார். அவ்வளவுதான். மைக்கேலு கம்பத்தைத் தொடுவான், சிவப்பு விழும், மாதம் முடியும்.

மைக்கேல்ராஜ் ஓடினார். தொப்பை உள்ள மனுஷன், செருப்பு வேறு. ஓட்டம் என்று அதைச் சொல்வதற்கில்லை. ரீல் கொரகொரவென்று நரம்பை விட்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கல்லுக்குப் பின்னால் படுத்திருந்த தெரு நாய் எழுந்தது. பெல்ட்டிலிருந்து வாலைப் போல நரம்பு நீள ஓடுகிற ஆளை அது அதுவரை பார்த்ததில்லை போலும்.

"அண்ணே! நாயி! அண்ணே, நாயிண்ணே!"

இப்போது மைக்கேல்ராஜ் ஓடினாரே, அதுதான் ஓட்டம். செருப்பு ஒரு பக்கம் போனது. ரீல் அலறியது. கனகம் "ஐயோ" என்று சிரித்தாள். அப்புறம்தான் கோதண்டராமன் பார்த்தார். மைக்கேலு முன்னால் பார்த்து ஓடவில்லை. திரும்பி நாயைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறான். கம்பத்தைத் தாண்டி நேராகப் பள்ளத்துக்கு.

கோதண்டராமனின் கை தானாக வேலை செய்தது. கழற்றிய திருகை ஒரே மூச்சில் இறுக்கினார். ராடின் அடிக்கட்டையை வயிற்றில் குத்தி நிறுத்திப் பின்னால் சாய்ந்தார். ராடு வில்லாக வளைந்தது. எந்த வளைவுக்குச் சிவப்பு கட்டினாரோ அதே வளைவு. நரம்பு விண்ணென்று நின்றது. மைக்கேல்ராஜ் ஓடின வேகத்தில் இடுப்பில் இழுபட்டு, இரண்டு கால் அந்தரத்தில் உதைக்க, பள்ளத்தின் விளிம்பிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். மண் சரிந்து உள்ளே விழுந்தது. அவர் விழவில்லை. நாய் பயந்துபோய் வேறு பக்கம் ஓடியது.

கோதண்டராமன் விடவில்லை. ராடைத் தூக்கித் தாழ்த்தி, சுற்றிச் சுற்றி, அந்த மனுஷனைப் பள்ளத்திலிருந்து இந்தப் பக்கம் இழுத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

ரஞ்சனியின் போனிலிருந்து ஒரே கூச்சல். பிரசன்னாவைத் தள்ளிக்கொண்டு திருமலையின் முகம் திரை முழுக்க வந்தது.

"சம்பந்தி! எத்தனை வருஷமா ஓட்டறேன், கெஸ்ட்டுங்க ஒருத்தன்கூட இப்படி நிறுத்தினதில்ல! எம்மாம் பெரிய மீனு! சாமான் பிரமாதம். ரெடிதானே? டிக்கெட் போட்டுடறேன்!"

கோதண்டராமன் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்கேல்ராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

"இப்ப சொல்லுங்க. இன்னா அட்டை?"

"இந்தத் திருகுல ஒரு கீறல் கீது."

"என் இடுப்புலயுந்தான் கீறல் கீது! எனக்கும் ஒரு அட்டை கட்டுங்க!"

கனகம் உள்ளே போய்ப் பச்சை அட்டை ஒன்றை எடுத்து வந்து ராடில் அவளே கட்டிவிட்டாள். பிறகு மைக்கேல்ராஜுக்கு மோர் கொடுத்தாள். கோதண்டராமனை அவள் பார்த்த பார்வையில், திருகு இரண்டு சுற்று கழன்றது அவளுக்குத் தெரியும் என்று இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கோதண்டராமன் தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரஞ்சனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒப்பலன்னா சொல்லிடு பா. மழ முடிஞ்சப்பறமே போறன்னு அவங்ககிட்ட நான் சொல்லிக்கறன்."

அவர் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பொறந்தப்ப உன் மாப்ள வந்து பாத்துட்டுப் போன கொழந்த வேற, இது வேறப்பா. அப்ப இது கண்ணே தொறக்கல. சிரிக்கிற கொழந்தைய அவரு இன்னும் தூக்கவே இல்ல. போன்ல பாத்துட்டு, கட் பண்ணாம வெச்சுக்கினே கீறாரு."

தூளிக்குள் மதிவதனி கையை நீட்டினாள். சுவரோரம் ஆடிய பச்சை அட்டையைப் பிடிக்கத்தான். எட்டவில்லை. முகம் கோணியது. கோதண்டராமன் எழுந்து ராடைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அவள் அட்டையைப் பிடித்து வாயில் வைக்கப் போனாள்.

"ஏய், ஏய், அதுல கையெழுத்து இல்ல" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அட்டையை வாங்கினார். சட்டைப் பையில் பேனா தேடினார். கம்பெனியில் போடுகிற மாதிரியே தேதி போட்டு, கீழே சாய்வாகக் கையெழுத்துப் போட்டு, மறுபடி ராடிலேயே கட்டினார். பிறகு சம்பந்திக்குத் தானே போன் பண்ணி, "ரெடி" என்று சொன்னார். அங்கே திருமலை பேசிக்கொண்டே இருப்பது ரஞ்சனிக்கே கேட்டது.

மறுநாள் கடையைத் திறக்கும்போதே கோதண்டராமன் வாசலில் நிற்பதை மைக்கேல்ராஜ் பார்த்தார். பாதி ஷட்டரைத் தூக்கினவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, சத்தியமா சொல்றன், திருப்பி எடுக்க மாட்டன்."

"திருப்பித் தரலய்யா. முள்ளு இன்னும் ஒரு பாக்கெட் குடு." அளக்காமல், எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போகவில்லை. ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"இன்னாண்ணே, டிக்கெட் வரலியா?"

கோதண்டராமன் சொன்னது இதுதான்:

"வந்துச்சு, வந்துச்சு. போறதுக்கும் போட்டு கீறாரு, எனக்கும் கனகத்துக்கும் திரும்பி வர்றதுக்கும் போட்டு கீறாரு. வர்ற டிக்கெட்ட எவன்யா அவர கேட்டான்?"